மிதிச்சா வருதா, விட்டா வருதா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பத்தூர் மார்க்கெட்டில் கீரையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வருகிறேன். எங்கள் தெரு முனையில் ஒரு கார். பானெட் திறந்திருக்கிறது. அதற்குள் நாலைந்து தலைகள்.

பானெட் திறந்திருப்பதைப் பார்த்தால் ஆண்களுக்கு என்னதான் ஆகுமோ? பால் வாங்கப் போனவர் நிற்கிறார். பேப்பர் வாங்கப் போனவர் நிற்கிறார். மூன்றாவது மாடிக்காரர் லுங்கியோடு இறங்கி வந்துவிட்டார். எல்லோரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு உள்ளே பார்க்கிறார்கள். என்ன தெரிகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. ஆனாலும் பார்க்கிறார்கள்.

விசாரித்தேன். என் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. கார் எதிர்வீட்டுத் தம்பியுடையது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன கார். சமீபத்தில் கிளட்ச் மாற்றியிருக்கிறான். மாற்றியதிலிருந்து என்னவோ சத்தமாம்.

"மிதிச்சா வருதா, விட்டா வருதா?" என்று கேட்டேன்.

தலைகள் நிமிர்ந்தன. ஒருத்தர் என்னைப் பார்த்தார். அப்புறம் என் பையில் நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காயைப் பார்த்தார். "வெயில் ஏறுது ஆன்ட்டி... நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார், ரொம்ப மரியாதையாக.

அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. முதல்முதலாக அதைப் பார்த்தது ஆவடியில்... அந்தக் கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன். முருங்கைக்காய் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டும்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு டர்னிங் ஷாப்பில் வேலை. எனக்கு அம்பத்தூரில் ஒரு பேங்கில். அவர் சைக்கிளில் போவார், நான் காரில் போவேன். விசித்திரமாக இருக்கிறதா? குவார்ட்டர்ஸுக்கும் அப்படித்தான் இருந்தது.

அப்பா ரிட்டயர் ஆனபோது தன் பழைய அம்பாசிடரைக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு அல்ல — எனக்கு. "நீதான் ஓட்டுவே, அவர் ஓட்ட மாட்டார்" என்றார். மனிதர் சரியாகத்தான் கணித்திருந்தார். இவருக்கு எதையும் கழற்றப் பிடிக்கும், மாட்டப் பிடிக்கும். நிற்கிற காரில் உட்கார்ந்து எல்லா வித்தையும் காட்டுவார். கார் நகர ஆரம்பித்தால் மட்டும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டார்.

எனக்கு வேறு ஒரு சிக்கல். நான் குள்ளம். அம்பாசிடரின் முன் சீட் இருக்கிறதே, அது சீட் இல்லை, சோபா. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் பெடலுக்குக் கால் எட்டாது. கால் எட்டுகிற மாதிரி முன்னால் வந்தால் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. தலையணை வைத்துப் பார்த்தேன், அது நசுங்கிக்கொண்டே போனது. இவர்தான் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பெட்டி மரத்தில் முதுகுப் பலகை ஒன்று செய்து கொடுத்தார்.

குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்குப் பெட்டி மரம் தெரியும். ஃபேக்டரிக்கு மெஷின் வந்து இறங்கும் பெரிய மரப் பெட்டிகளைப் பிரித்து, பலகையை மலிவாக ஊழியர்களுக்கே விற்றுவிடுவார்கள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஷெல்ஃப், ஸ்டூல், கோழிக் கூண்டு, பூஜை அலமாரி எல்லாம் அதில்தான். சில பலகையில் 'நனையக் கூடாது' என்பதற்கான குடைப் படம் அழியாமல் இருக்கும். எங்கள் வீட்டில் முருகனே அப்படி ஒரு குடைக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தார். குவார்ட்டர்ஸில் பாதிப் பேருக்கு அலமாரி செய்து கொடுத்தது இவர்தான். கூலி கிடையாது, டீ மட்டும் உண்டு.

சரி, நான் சொல்ல வந்தது ஒரு கல்யாணக் கதை. அதற்கு வருவோம்.

பக்கத்து பிளாக்கில் மல்லிகா என்று ஒரு பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் டைப்பிஸ்ட். தினமும் என் காரில்தான் வருவாள். என் பக்கத்து சீட் அவளுடையது. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, கியர் மாற்றும்போதெல்லாம் என் கையைப் பார்த்துக்கொண்டே வருவாள்.

அவளைப் பெண் பார்க்கக் காட்டுப்பாக்கத்திலிருந்து வந்தார்கள். பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று பெரிய மனதோடு கொல்லைப் பக்கம் அனுப்பினார்கள். துணி காயப் போட்டிருந்த கொடிக்கு நடுவில் நின்றுகொண்டு இவள் என்ன கேட்டிருக்கிறாள் தெரியுமா? சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. தனிக்குடித்தனமா என்று கேட்கவில்லை.

"மாப்பிள்ளை அழைப்புக்கு எங்க அக்காதான் கார் ஓட்டிட்டு வருவாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

பையன் யோசித்துவிட்டு, "நல்லா ஓட்டுவாங்களா?" என்று கேட்டானாம்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப உங்களைவிட நல்லா ஓட்டுவாங்க."

பையன் சிரித்துவிட்டான். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. விஷயம் காட்டுப்பாக்கம்வரை பரவிவிட்டது — மாப்பிள்ளையை ஒரு பொம்பளை கார் ஓட்டி அழைத்து வரப் போகிறாளாம்!

எனக்கும் ஆசை. சும்மா சொல்லக் கூடாது, ரொம்பவே ஆசை. அன்றைக்கு என்ன புடவை என்றுகூட முடிவு செய்துவிட்டேன். பெடலில் மாட்டாமல் இருக்கக் கொசுவத்தை எப்படிச் செருக வேண்டும் என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை வேறு.

அப்போதுதான் கிளட்ச் போனது.

போனதற்குக் காரணமும் ஒரு மாப்பிள்ளை அழைப்புதான். அதற்கு முந்தின மாதம் இன்னொரு கல்யாணத்துக்கு என் காரைக் கேட்டார்கள். ஓட்டியது தண்டபாணி — ஃபேக்டரி ஆம்புலன்ஸ் டிரைவர். ஆம்புலன்ஸில் பறக்கிற மனிதர், அன்றைக்கு மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்தார். நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தைப் பிடித்தால் லேசில் விடுவாரா? ஒரு தெரு முழுக்க ஒரே ராகம். தெரு முழுக்கத் தண்டபாணியின் கால் கிளட்சில் பாதி மிதித்தபடியே. மல்லிகைப்பூ வாசனையோடு ஒரு கருகல் வாசனையும் வந்தது. சாம்பிராணி என்று நினைத்துக்கொண்டோம்.

சில நாள் கழித்துப் பாடி ரோட்டில், லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை அமுக்குகிறேன். இன்ஜின் அலறுகிறது. கார் நகரவில்லை. பக்கத்து லாரியிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, கத்துது ஆனா போவ மாட்டுது? எங்க மொதலாளி மாதிரி கீது!"

பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் ஷரீப் பாய் ஒர்க்‌ஷாப். கியர் பாக்ஸை இறக்கி, புது கிளட்ச், புது பேரிங் எல்லாம் போட்டுக் கொடுத்தார். ஒர்க்‌ஷாப் இரைச்சலுக்கு நடுவிலேயே ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போகிறது. பெடல்தான் இரும்பாக இருந்தது. காலை ஊன்றி, முதுகைக் கொடுத்து அமுக்க வேண்டியிருந்தது.

"புச்சும்மா. அப்டித்தான் கெட்டியா இர்க்கும். போவப் போவ சரியாப் பூடும்" என்றார் பாய்.

சந்தோஷமாகக் கிளம்பினேன். சென்னீர்குப்பத்தில் ஒரு மாட்டு வண்டிக்காகக் கியர் மாற்ற, கிளட்சை மிதித்தேன்.

கீ...ய்...ங்.

விட்டேன். சத்தம் இல்லை. மிதித்தேன். கீ...ய்...ங். மாட்டு வண்டிக்காரரே திரும்பிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸில் கூட்டம் கூடிவிட்டது. தூங்குமூஞ்சி மரத்தடியில் கார். பானெட் திறந்தாயிற்று. டிரைவர் சீட்டில் நான். "மிதி" என்றால் மிதிக்க வேண்டும், "விடு" என்றால் விட வேண்டும். அதற்கு மேல் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதலில் பிச்சையா. திருநெல்வேலிக்காரர், ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை கியர் பாக்ஸில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பதுபோல முகம்.

"மிதிங்க மதினி."

கீ...ய்...ங்.

"கேக்கு! நல்லாக் கேக்குல்லா! ரிலீஸ் பேரிங்கேதான். மிதிக்கப்போ அதுதான அமுங்கும்? அதான் கத்துது."

என் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "பேரிங் இப்படிக் கத்தாது பிச்சையா. லேத்துல சென்டர் தப்பினா இப்படித்தான் வரும். ஷாஃப்ட் நேரா உக்காரல."

தண்டபாணி காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "அதெல்லாம் ஒண்ணியும் இல்ல அண்ணாத்தே. கியர் பாக்ஸை எறக்கசொல்ல சைலன்சர் பிராக்கெட்டை கயட்டினாங்க இல்ல? டைட் பண்ணாம உட்டுட்டாங்க."

டிஸ்பென்சரி கம்பவுண்டர் வழியில் போனவர்தான். அவரும் நின்று காது கொடுத்தார். "நெஞ்சுச் சளி மாதிரி இருக்கு" என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. காது எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, ஆனால் அவரவர் செக்‌ஷன் சத்தம்தான் அவரவருக்குக் கேட்கிறது. வாழ்க்கையிலும் அப்படித்தானே? குழந்தை அழுதால் என் மாமியார் 'பசி' என்பார், என் அம்மா 'கண் பட்டுவிட்டது' என்பார், டீச்சராக இருந்த என் நாத்தனார் 'அடம்' என்பார். குழந்தையை யாராவது கேட்டார்களா?

ஆளுக்கு ஒரு வைத்தியம் நடந்தது. பிச்சையா கிளட்ச் ராடில் அரைச் சுற்று வைத்தார். தண்டபாணி பிராக்கெட்டை முடுக்கினார். என் வீட்டுக்காரர் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் கிரீஸ் தடவினார்.

மிதித்தேன். கீ...ய்...ங்.

மறுபடி பூந்தமல்லி. ஷரீப் பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"மிதிச்சா வர்தா, வுட்டா வர்தா?"

"மிதிச்சாதான் பாய்."

"எறங்கு, நான் பாக்கறேன்."

பாய் ஆறடி. பலகையை எடுத்துப் பின் சீட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மிதித்தார். விட்டார். ரோட்டில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார். சத்தமே இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கொலுசு கிலுசு போட்டுகினு கீறியாம்மா?" என்றார். காலைக் காட்டினேன். மெட்டி மட்டும்தான்.

"என் கையால போட்ட பேரிங்கு, கத்தாது. ஆனா நீ சொல்றேன்னா இன்னாவோ இர்க்கு. எறக்கிப் பாத்துட்லாம். ஒரு நாள் முய்சா வோணும்."

ஒரு நாளா? மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு.

"அப்ப கண்ணாலம் முட்சிகினு எட்து வா. கண்டிப்பா ஓடும், நட்டாத்துல உடாது. நான் கேரண்டி" என்றார் பாய். ஓடும், சரி. ஆனால் கத்துமே!

அங்கேதான் சங்கடம். மல்லிகாவின் அம்மா கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "மாப்பிள்ளை வீட்டுல பெரியவங்க சகுனம் பாக்கறவங்கம்மா. மேளத்துக்கு நடுவுல கார் இப்படிக் கத்துச்சுன்னா..."

ஆண்கள் கடைசியாக ஒரு டெஸ்ட் வைத்தார்கள். என்னை இறக்கிவிட்டு, ஒவ்வொருவராக உட்கார்ந்து மிதித்தார்கள். பிச்சையா — சத்தம் இல்லை. தண்டபாணி — இல்லை. என் வீட்டுக்காரர் — இல்லை. "இப்ப நீ உக்காரு" என்றார். பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மிதித்தேன்.

கீ...ய்...ங்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான்!

"வண்டில ஒரு கொறையும் இல்ல மதினி" என்றார் பிச்சையா, துக்கம் விசாரிக்கிற குரலில்.

"கால் வெக்கிற ஸ்டைலு அப்டி" என்றார் தண்டபாணி. "உடுங்கண்ணி, நாளைக்கு நானே ஓட்றேன். நீங்க பட்டுப்பொடவ கட்னு பின்னால ஜாலியா வாங்க."

கிளட்சைக் கருக்கியவர் சொல்கிறார்! நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "தண்டபாணியே ஓட்டட்டும். உனக்கு எதுக்குத் தேவையில்லாத டென்ஷன்?" என்றார்.

சாவியை வாங்கித் தண்டபாணி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நான் வீட்டுக்குப் போய், குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டேன். கோபமா, அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

மறுநாள் மத்தியானம். மரத்தடியில் காருக்குப் பூ அலங்காரம் நடக்கிறது. பூக்காரர் பானெட்டில் சம்பங்கிச் சரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார். என் சாமான்களை எடுக்கப் போனேன். டவல், கூலிங் கிளாஸ், முதுகுப் பலகை... இனிமேல் அங்கே தண்டபாணி ராஜ்ஜியம்தானே?

டிரைவர் சீட்டில் கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

"அக்கா, கதவைத் திறங்க. கையில மருதாணி."

மல்லிகா! நாளைக் காலையில் தாலி ஏறப் போகிற பெண், இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, அம்மா கண்ணில் படாமல் வந்து நிற்கிறாள். திறந்தேன். அவள் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்கதான் ஓட்டுவீங்கன்னு நான் சொல்லியிருக்கேன்."

"நான் மிதிச்சா கத்துதாம்மா."

"கத்தட்டுமே! கத்தாம யார் இருக்கா? எங்கம்மா கத்தலையா?"

சிரிக்கத்தான் நினைத்தேன். சிரிப்பு வரவில்லை. மனதில் இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து, கிளட்சை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன்.

கீ...ய்...ங்!

பூக்காரர் நிமிர்ந்தார். நான் மல்லிகாவைப் பார்த்தேன். மல்லிகா என்னைப் பார்த்தாள்.

சாவி தண்டபாணியின் பாக்கெட்டில். தண்டபாணி சாப்பிடப் போயிருக்கிறார். இன்ஜின் ஓடவே இல்லை!

ஓடாத இன்ஜினில் ஷாஃப்ட் எப்படிக் கத்தும்? பேரிங் எப்படிக் கத்தும்? சைலன்சருக்கு என்ன வேலை? எத்தனை தடவை மிதித்துப் பார்த்தோம்! ஒருத்தருக்காவது, என்னையும் சேர்த்துத்தான், இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு தடவை மிதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியதா?

"இன்னொரு தடவை மிதிங்கக்கா" என்றாள் மல்லிகா. தலையை என் தோள் பக்கம் சாய்த்தாள்.

கீ...ய்...ங்.

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "அக்கா! இது எங்க வீட்டு அலமாரி!"

எனக்குப் புரியவில்லை.

"எங்க வீட்டு அலமாரிக் கதவு திறந்தா இப்படித்தான் கத்தும். உங்க வீட்டுதும்தான். அண்ணன் செஞ்ச எல்லா அலமாரியும் இப்படித்தான் கத்தும்! உங்க முதுகுக்குப் பின்னாலக்கா!"

கையில் மருதாணி இருந்ததால் முகவாயால் பலகையைக் காட்டினாள்.

பலகையை உருவினேன். மிதித்தேன். நிசப்தம். பலகையை வைத்தேன், மிதித்தேன். கீ...ய்...ங். புதுப் பெடல் கெட்டி. கெட்டியான பெடலை அமுக்க நான் முதுகைக் கொடுத்துப் பின்னால் தள்ளுகிறேன். தள்ளும்போதெல்லாம், என் வீட்டுக்காரர் அருமையாக அறைந்து வைத்த குறுக்குச் சட்டம் பலகையோடு உரசிக் கத்துகிறது. பழைய கிளட்ச் மெத்தென்று இருந்தவரை அதற்கு வேலை வரவில்லை. மற்றவர்கள் உட்காரும்போது பலகையை எடுத்துப் பின்னால் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் எங்கே சத்தம் வரும்?

குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு காலையும் மாலையும் கேட்கிற சத்தம் அது. அலமாரியில் வந்தால் அலமாரி. காரில் வந்தால் ரிலீஸ் பேரிங்.

இரண்டு பேரும் சிரித்தோம். சத்தம் வராமல் சிரிக்கப் பார்த்து, அது முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மல்லிகாவால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை, என் முந்தானையால் நான்தான் துடைத்துவிட்டேன்.

"மெழுகுவத்தி தேய்ங்கக்கா. எங்க அலமாரிக்கு எங்கம்மா அதான் தேய்ப்பாங்க" என்றாள்.

வீட்டுக்கு ஓடி, கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவத்தித் துண்டை எடுத்துவந்து, சட்டத்தில், இடுக்கில், ஆணியைச் சுற்றி அழுத்தித் தேய்த்தேன். "இன்னாம்மா, காருக்கு மெய்குவத்தி ஏத்தப் போறீங்களா?" என்றார் பூக்காரர். மிதித்தேன். சத்தம் இல்லை. எழும்பி எழும்பி மிதித்தேன். இல்லவே இல்லை.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன்.

"மருதாணி மேல சத்தியம்" என்றாள்.

சாயங்காலம் ஆண்கள் வேட்டி சரசரக்க வந்தார்கள். நான் பட்டுப்புடவையில், கொசுவத்தைச் செருகிக்கொண்டு, டிரைவர் சீட்டில்.

"சாவியைக் குடுங்க தண்டபாணி. ஒரு தடவை மிதிக்கிறேன். கத்துச்சுன்னா நானே இறங்கிடறேன்."

இன்ஜினை எழுப்பினேன். மிதித்தேன். விட்டேன். மிதித்தேன். தூங்குமூஞ்சி மரத்துக் காக்கா கத்தியதுதான் கேட்டது.

முதலில் வாய் திறந்தவர் பிச்சையா. "ராடுல அரைச் சுத்து வச்சம்லா? அது செட்டாவ ஒரு நாள் எடுக்கும்னு எனக்குத் தெரியும்."

"பிராக்கெட்டை டைட் வெச்சது யாரு மாமே?" என்றார் தண்டபாணி.

என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கிரீஸ் இறங்கணும்ல? அதுக்கு டைம் வேணும்" என்றார்.

ஆக, எல்லோரும் ஜெயித்துவிட்டார்கள். மல்லிகாவின் அம்மா மட்டும் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். நான் கிளம்பினேன்.

பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை ஏறினான். கோட்டு சூட்டில் வியர்த்துக் கொட்டுகிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் ஜன்னலில் குனிந்து, என்னைப் பார்த்து, காரைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார். அப்புறம் நாதஸ்வரக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். மேளம் எழும்பியது.

நான் தண்டபாணி மாதிரி ஓட்டவில்லை. மேளத்தை முன்னால் போக விட்டு, நியூட்ரலில் நின்றேன். இடைவெளி விழுந்ததும் கிளட்சை முழுசாக விட்டு, மெதுவாக ஒரு ஓட்டம். மறுபடி நிற்பேன். நிற்கும்போதெல்லாம் முன்னால் ஆடிக்கொண்டு போன பையன்களுக்கு இடம் கிடைத்தது, அவர்கள் இன்னும் குஷியாக ஆடினார்கள். ஜன்னல்களிலெல்லாம் பெண்கள். 'அங்க பாருடி, யார் ஓட்டறா பாரு' என்று யாரோ கத்தியது மேளத்தைத் தாண்டிக் கேட்டது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பின் சீட்டிலிருந்து மாப்பிள்ளை மெதுவாக, "அக்கா, பயமா இருக்கு" என்றான்.

"ஏன் தம்பி, நான் ஓட்டறதுனாலயா?"

"இல்லக்கா... கல்யாணத்துக்கு."

"கொஞ்ச நாள் கெட்டியாத்தான் இருக்கும். போகப் போகச் சரியாப் போயிடும்" என்றேன். ஷரீப் பாயின் வாக்கு.

மண்டபத்து வாசலில் நிறுத்தினேன். மாடி ஜன்னலில் மல்லிகா, சிவந்த கையை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை என்று அர்த்தம். அந்த நிமிஷம் இருந்த சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னாலும் பின்னாலும் நிறையத் தடவை வந்ததில்லை.

கல்யாணம் முடிந்து ஷரீப் பாய்க்கு லட்டு கொண்டுபோனேன். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, தலையில் தட்ட ஆள் தேடினார். "அல்லாவே! ஓட்ற ஆளு உக்காராம நான் மட்டும் உக்காந்து பாத்தா எப்டிம்மா தெரியும்?" என்றார்.

சரி, முருங்கைக்காய்க்கு வருவோம்.

"வெயில் இருக்கட்டும்பா. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை மிதிச்சுப் பாரு" என்றேன் எதிர்வீட்டுத் தம்பியிடம்.

மிதித்தான். சத்தம் இல்லை. மூன்றாவது மாடி லுங்கிக்காரர் வெற்றிப் புன்னகையோடு என்னைப் பார்த்தார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணி மிதி."

வந்தது. கரகரவென்று.

"விடு."

நின்றது.

"அப்ப நிஜமாவே பேரிங்தான்பா. மெக்கானிக்கிட்ட எடுத்துட்டுப் போ. நல்லவேளை, உங்க வீட்டுல யாருக்கும் தச்சு வேலை தெரியாது."

கடைசி வரி அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் பார்வை மாறியது. லுங்கிக்காரர் என் பையை வாங்கிக்கொண்டு கேட்வரை வந்தார்.

என் வீட்டுக்காரருக்கு அன்றைய ரகசியத்தை நான் சொல்லவே இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு மறுநாள் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர், பலகையைக் கையில் எடுத்தார். சட்டத்தைத் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார். நான் ஜன்னலில் நிற்பது அவருக்குத் தெரியாது. பலகையை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்துவிட்டு, காரைத் தொடர்ந்து துடைத்தார்.

கார் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. பலகையும்தான். யார் கேட்டாலும் இவர் அது ஷாஃப்ட் சத்தம், கிரீஸ் வைத்துச் சரி செய்தது தான்தான் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். நானும் மறுக்கிறதில்லை.

ஆனால் எங்கள் வீட்டில், கரண்டே போகாத மாதத்திலும், நான் தொடாமலேயே மெழுகுவத்தி தீர்ந்துவிடுகிறது.